வன்னிக்கு எந்த அனுசேபக் கூடு? சுண்டெலி ஆய்வுக்கான பொதுக் கருவிகள் குறித்த ஓர் ஒப்பீடு

வன்னியிலுள்ள உயர்கல்வி நிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து, சுண்டெலிகளின் அனுசேபத்தை, அதாவது உணவை எரித்துச் சக்தியாக்கும் உடற்செயலை, அளக்கும் கருவித்தொகுதியொன்றைப் பொதுவில் கொள்வனவு செய்வதானால் எதைக் கொள்வனவு செய்வது என்ற கேள்வி, பம்பைமடுவிலுள்ள வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் உயிரியல் கற்பிக்கும் எங்களிடையே அடிக்கடி எழுகிறது. பேச்சு பெரும்பாலும் விலையில் தொடங்கிக் கூடுகளின் எண்ணிக்கையில் முடிந்துவிடுகிறது. அவ்விரண்டுக்கும் முன்னதாகப் பார்க்க வேண்டியவை வேறு சில இருக்கின்றன என்பதே என் கருத்து. ஆகவே நம் முன்னுள்ள நான்கு வழிகளையும் இந்த மண்ணின் வெயில், ஈரம், மின்சாரம், ஆட்பலம் ஆகியவற்றோடு வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

இக்கருவி நமக்கு எதற்கு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். பனங்களியின் கசப்புக்குக் காரணமான பிளபெலிபெரின் என்னும் பொருள், சுண்டெலிகளின் குடலில் குளுக்கோஸ் உறிஞ்சப்படுவதைக் குறைக்கிறது என்பதை இலங்கை ஆய்வாளர்கள் ஏற்கெனவே காட்டியிருக்கிறார்கள். அதற்கு அடுத்த கேள்வி இன்னும் நம் கையில்தான் இருக்கிறது. உறிஞ்சல் குறைந்த விலங்கு அந்த இழப்பை எப்படி ஈடுசெய்கிறது? கூடுதலாக உண்கிறதா, ஓட்டத்தைக் குறைத்துக்கொள்கிறதா, சேமித்த கொழுப்பை எரிக்கிறதா? ஒடியல் மா, குரக்கன், மொட்டைக்கறுப்பன் அரிசி என்று நம் வீட்டு உணவுகள் எதைப் பற்றியும் இதே கேள்வியைக் கேட்கலாம். இரத்தத்துளி ஒன்றை எடுத்துக் குளுக்கோமானியில் வைப்பதால் மட்டும் இதற்கு விடை கிடைக்காது. விலங்கு உள்ளெடுக்கும் ஒட்சிசனையும் வெளிவிடும் காபனீரொட்சைட்டையும் இரவும் பகலும் அளந்தாக வேண்டும்.

அளக்கும் முறை பழையது. 1780களில் பிரெஞ்சு அறிவியலாளர்களான இலவாசியரும் இலப்பிலாசும் கினிப்பன்றியொன்றைப் பனிக்கட்டிக் கலோரிமானிக்குள் வைத்து, அது உருக்கிய பனியையும் வெளிவிட்ட வாயுவையும் ஒப்பிட்டார்கள். இன்றைய கூடுகள் வெப்பத்தை நேரடியாக அளப்பதில்லை. வாயுக்களை அளந்து, 1949இல் வெயர் தந்த சமன்பாட்டின் வழியே வெப்பத்தைக் கணிக்கின்றன. விலங்கு எடுத்த ஒட்சிசனின் லீற்றர் அளவை 3.941ஆலும், வெளிவந்த காபனீரொட்சைட்டின் லீற்றர் அளவை 1.106ஆலும் பெருக்கிக் கூட்டினால் கிலோகலோரி கிடைக்கும். இரு வாயுக்களின் விகிதமான சுவாச ஈவு, காபோவைதரேற்று எரியும்போது 1.0ஐயும் கொழுப்பு எரியும்போது 0.7ஐயும் அண்மித்து நிற்கும். இருபத்தைந்து கிராம் எடையுள்ள சுண்டெலி, 22 பாகை செல்சியஸ் அறையில் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை மில்லிலீற்றர் ஒட்சிசனை எடுக்கும். நாளொன்றுக்கு அது பத்துக் கிலோகலோரி அளவில் வரும். கூட்டினூடாக நிமிடத்துக்கு அரை லீற்றர் காற்றைச் செலுத்தினால், உள்ளே போகும் காற்றுக்கும் வெளியே வரும் காற்றுக்கும் இடையிலான ஒட்சிசன் வேறுபாடு வெறும் 0.3 சதவீதம். இந்தச் சிறு வேறுபாட்டைப் பிடிப்பதற்காகத்தான் இவ்வளவு பணமும் செலவாகிறது.

வன்னியின் காற்று இங்கேதான் குறுக்கே வருகிறது. 30 பாகை வெப்பமும் 80 சதவீத ஈரப்பதனும் உள்ள காற்றில் நீராவி மட்டும் மூன்றரைச் சதவீதத்தை அண்மித்த பங்கை எடுத்துக்கொள்ளும். அதனால் உலர்ந்த காற்றில் 20.95 ஆக இருக்கும் ஒட்சிசன் 20.25 ஆகத் தெரியும். அதாவது, எலி உண்டாக்கும் வேறுபாட்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேலான ஒரு பொய் வேறுபாட்டை வானிலையே உண்டாக்கிவிடும். இதைத் தவிர்க்க, வாயுக்களின் அளவைக் காட்டும் பகுப்பாய்விக்குள் போகும் காற்றைக் குளிர்வித்தோ இரசாயனத்தால் உலர்த்தியோ அனுப்பலாம், அல்லது நீராவியின் அமுக்கத்தையும் கூடவே அளந்து கணக்கில் கழிக்கலாம். உலர்த்தும் முறையை நான் கையாண்டிருக்கிறேன். ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் காலை எட்டு மணிக்கு நீல நிறத்தில் நிரப்பிய சிலிக்கா ஜெல் குழாய், மத்தியானம் தாண்டும்போது அடிப்பக்கத்திலிருந்து இளஞ்சிவப்பாக ஏறத் தொடங்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் மேல் விளிம்பில் ஒரு விரலளவு நீலந்தான் மிஞ்சியிருக்கும். இரவில் யாராவது எழுந்து வந்து மாற்றாவிட்டால் அந்த இரவின் தரவு போய்விடும். சுண்டெலியோ இரவில்தான் உண்டு, ஓடி, வாழ்கிற விலங்கு. ஆகவே நீராவியை அளந்து கழிக்கும் அமைப்பு நமக்கு ஆடம்பரம் அன்று. எந்தக் கருவியை வாங்கினாலும் விவரக்கூற்றின் முதல் வரியில் அது இருக்க வேண்டும்.

வெப்பநிலையின் கதை இதைவிட முக்கியமானது. அதில் வன்னிக்கு ஒரு வாய்ப்பும் ஒளிந்திருக்கிறது. சுண்டெலி தன் உடல் வெப்பத்தைக் காக்க மேலதிகமாக எதையும் எரிக்கத் தேவையில்லாத வெப்பநிலை ஏறத்தாழ 29 முதல் 32 பாகை வரை. மேலைநாட்டு ஆய்வுகூடங்களில் அறைகள் 20 முதல் 24 பாகையில் வைக்கப்படுகின்றன. அங்கே வேலை செய்யும் மனிதருக்கு அது இதமானது, எலிக்கோ ஓயாத குளிர். அந்தக் குளிரில் அது செலவிடும் சக்தியின் பெரும் பங்கு உடலைச் சூடாக வைப்பதற்கே போகிறது. 30 பாகைக்குக் கொண்டுவந்தால் மொத்தச் செலவு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்துவிடும். கண்ணாலேயே இதைப் பார்க்கலாம். 22 பாகையில் சுண்டெலி மரத்தூளைக் குவித்து, மூக்கை வயிற்றுக்குள் செருகி, உருண்டையாகக் கிடக்கும். அதன் வால் வெளிறி இருக்கும். அதே விலங்கு 30 பாகையில் கூட்டின் தரையில் நீட்டி நிமிர்ந்து படுத்திருக்கும். வாலின் குருதிக்குழாய்கள் விரிந்து வால் சிவந்திருக்கும். மெல்லிய உடையோடு வாழும் மனிதனின் அனுசேபத்துக்கு நெருக்கமானது இந்த இரண்டாவது நிலைதான். நீரிழிவையும் உடற்பருமனையும் பற்றி அறிய நினைக்கும் நமக்கு அந்த நிலை வாசலிலேயே கிடைக்கிறது.

ஆனால் குளிரூட்டியை நிறுத்திவிட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. தை மாத விடியலில் 22 பாகைக்கு இறங்கும் அறை, சோளகம் வீசும் மாதங்களின் பிற்பகலில் 34ஐத் தொடும். 32ஐத் தாண்டியதும் சுண்டெலி வெப்பத்தால் வருந்தத் தொடங்கும். சக்திச் செலவு மறுபடியும் ஏறும். தேவையானது நிலையான 30 பாகை. கூடுகள் யாவும் அடங்கும் வெப்பநிலை கட்டுப்படுத்திய அலுமாரியொன்று இல்லாமல், எவ்வளவு சிறந்த வாயுப் பகுப்பாய்வியும் இங்கே பயன் தராது. இதை வலியுறுத்திச் சொல்லக் காரணம், விலைமனுக்களில் இந்த அலுமாரி எப்போதும் ‘விருப்பத் தெரிவு’ என்ற தலைப்பின் கீழ் வருவதும், வரவுசெலவு இறுகும்போது முதலில் வெட்டப்படுவதும் அதுவே என்பதுதான். வேறொன்றையும் சேர்த்துக் கவனிக்க வேண்டும். 30 பாகையில் எலியின் ஒட்சிசன் நுகர்வு பாதியானால், நாம் அளக்கும் 0.3 சதவீதமும் பாதியாகும். காற்றோட்டத்தைக் குறைத்து அதை ஓரளவு ஈடுசெய்யலாம். இருந்தும் பகுப்பாய்வியின் நுண்மை குளிர்நாட்டில் தேவைப்படுவதைவிட இங்கே கூடுதலாகத் தேவை.

இந்தப் பின்னணியில் வழிகளைப் பார்ப்போம். முதலாவது, முழுமையான தானியங்கித் தொகுதியை அப்படியே இறக்குவது. கொலம்பஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் கிளாம்ஸ், சேபிள் சிஸ்டம்ஸின் புரொமீதியன், டிஎஸ்இ சிஸ்டம்ஸின் பீனோமாஸ்டர் ஆகியவை உலகெங்கும் பாவனையில் உள்ளவை. வாயுக்களோடு உணவு, நீர், நடமாட்டம் ஆகியவற்றையும் அவை ஒரே நேரத்தில் பதிவு செய்யும். எட்டுக் கூடோ பதினாறு கூடோ கொண்ட தொகுதி, அலுமாரியோடு சேர்த்து நூறாயிரம் அமெரிக்க டொலரை எளிதாகத் தாண்டும். தரவின் தரத்தில் இதற்கு நிகரில்லை. வெளிநாட்டு ஆய்வேடுகளோடு நேரடியாக ஒப்பிடலாம். பதினாறு விலங்குகளை ஐந்து நாளில் முடித்துவிடலாம். குறை, பழுது வரும் நாளில் தெரியும். உற்பத்தியாளரின் பொறியியலாளர் கடல் கடந்து வர வேண்டும், உதிரிப்பாகம் சுங்கத்தைக் கடக்க வேண்டும், உத்தரவாதக் காலம் முடிந்தபின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தை டொலரில் செலுத்த வேண்டும். 2022இன் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் சில மாதங்களில் 360ஐத் தொட்டதை நாம் மறந்திருக்க முடியாது. ரூபாயில் ஒதுக்கிய பணம் ஒரே பருவத்தில் ஏறத்தாழப் பாதி பெறுமதியை இழந்தது. கொள்வனவு ஒரு தடவை நடப்பது; பராமரிப்பு ஆண்டுதோறும் வருவது. அதைத் தாங்கும் வரவு எங்கிருந்து வரும் என்பதை எழுத்தில் காட்டாமல் பெறுகைக் குழுவின் முன் போகக் கூடாது.

இரண்டாவது, புலம்பெயர்ந்த நம்மவர் வேலை செய்யும் வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் கழிக்கும் தொகுதியொன்றை நன்கொடையாகப் பெறுவது. கொடுப்பவரின் மனம் பெரிது. அதைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனாலும் நான் முன்னர் பணியாற்றிய ஓர் ஆய்வுகூடத்துக்கு இப்படி வந்த அளவுக்கருவியொன்று, மென்பொருளைத் திறக்கும் சிறு சாவிச் செருகி பெட்டியில் வராத ஒரே காரணத்தால் இரண்டு ஆண்டு பொலித்தீன் உறைக்குள் கிடந்ததைக் கண்டவன் நான். வட அமெரிக்காவிலிருந்து வருவது 120 வோல்ற்றுக்கும் 60 ஹேர்ட்ஸுக்கும் செய்தது. இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். மின்மாற்றி வோல்ற்றளவைச் சரிசெய்யும். ஆனால் அதிர்வெண்ணைச் சார்ந்து சுழலும் பம்பி மெதுவாகவே ஓடும். ஒட்சிசன் உணரி மின்கல வகையாக இருந்தால், அது ஓரிரு ஆண்டுகளில் தானே தேய்ந்து தீரும் பொருள். கூடுகள், உணவுத் தராசுகள், குழாய்கள் ஆகியவற்றை நன்கொடையாகப் பெறுவதை வரவேற்கிறேன். பகுப்பாய்வியை அப்படிப் பெறுவதை ஏற்கமாட்டேன்.

மூன்றாவது, பகுதி பகுதியாகக் கட்டுவது. நல்ல ஒட்சிசன் பகுப்பாய்வி, காபனீரொட்சைட்டுப் பகுப்பாய்வி, நீராவி உணரி, காற்றோட்டத்தை அளக்கும் திணிவுப் பாய்ச்சல்மானி ஆகியவற்றை மட்டும் புதிதாக வாங்கி, நான்கு கூடுகள், வால்வுகள், பம்பி, வெப்ப அலுமாரி ஆகியவற்றை இங்கேயே அமைப்பது. அறிவியல் நகரில் பொறியியல் பீடமும் விவசாய பீடமும் அருகருகே இருக்கின்றன. வால்வுகளை வரிசையாகத் திறந்து மூடும் நுண்கட்டுப்படுத்தி ஒன்றை அமைப்பது பொறியியல் மாணவரின் இறுதியாண்டுச் செயற்றிட்டமாகவே அமையலாம். கட்டியவர் அருகில் இருப்பதால் பழுதும் அருகிலேயே தீரும். ஒட்சிசன் உணரியின் வகையை இங்கே நாமே தெரிவு செய்யலாம். மின்கல வகை மலிவு, ஆனால் தேயும். சேர்க்கோனியா வகை நீடிக்கும்; ஆனால் பல நூறு பாகைக்குச் சூடேறி நிற்க வேண்டியிருப்பதால் மின்சாரம் போய் வரும்போதெல்லாம் மறுபடி நிலைப்பட நேரம் எடுக்கும். ஒட்சிசனின் காந்த இயல்பைப் பயன்படுத்தும் வகை தேயாது. அதிர்வுக்கு மட்டும் அஞ்சும். ஏ9 வீதியின் கனரக வாகனங்களிலிருந்து தள்ளிய தரைத்தளம் ஒன்று கிடைக்குமானால் இந்தக் காந்த வகை உணரியையே நான் பரிந்துரைப்பேன்.

இதன் குறை வேகம். ஒரு குழுவுக்கு எட்டாகப் பதினாறு விலங்குகளை நான்கு கூடுகளில் அளக்க நான்கு சுற்று வேண்டும். விலங்கு புதிய கூட்டுக்குப் பழக இரண்டு நாள், அளவீட்டுக்கு மூன்று நாள் என்று ஒவ்வொரு சுற்றும் ஐந்து நாள். ஆக, பெரிய தொகுதி ஐந்து நாளில் தருவதை இது இருபது நாளில் தரும். ஒவ்வொரு சுற்றிலும் இரு குழுக்களிலிருந்தும் இரண்டிரண்டு விலங்குகள் இருக்குமாறு வைத்தால் நாள்களின் வேறுபாடு முடிவைக் கெடுக்காது. வன்னியில் இவ்வாய்வில் இறங்கக்கூடிய குழுக்கள் ஒரு கை விரலுக்குள் அடங்கும்போது, இருபது நாள் பெரிய தடையன்று. மற்றக் குறை நம்பகம்: நாமே கட்டியதன் எண்களை வெளியுலகம் ஏன் ஏற்க வேண்டும் என்று ஆய்வேட்டின் மதிப்பீட்டாளர் கேட்பார். அதற்கு விடை எளியது. காற்றோட்டத்தை நிமிடத்துக்குச் சில லீற்றராக உயர்த்தி, நீரற்ற எதனோலைச் சிறு விளக்கில் எரித்தால், ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ 1.46 லீற்றர் ஒட்சிசனை எடுக்க வேண்டும்; சுவாச ஈவு 0.667 ஆக வர வேண்டும். இரசாயனம் விதித்த எண் அது. சோதனை தோறும் முன்னும் பின்னும் இதைச் செய்து பதிந்து வைக்கும் நான்கு கூடு, ஒரு தடவையும் சரிபார்க்காத பதினாறு கூட்டைவிட எனக்கு நம்பிக்கை தரும்.

நான்காவது வழியில் வாயுவை அளப்பதே இல்லை. உண்ட உணவின் சக்தியிலிருந்து கழிவின் சக்தியையும் உடலில் சேர்ந்த சக்தியையும் கழித்தால் செலவிட்ட சக்தி எஞ்சும். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தின் றொதாம்ஸ்டெட்டில் லோஸும் கில்பேட்டும் பண்ணை விலங்குகளில் தொடங்கிய ஒப்பீட்டு அறுப்பு முறையின் வழித்தோன்றல் இது. தொடக்கத்தில் ஒரு குழுவையும் முடிவில் மற்றக் குழுவையும் உலர்த்தி, கொழுப்பைச் சொக்ஸ்லெற் என்னும் பிரித்தெடுப்புக் கருவியில் பிரித்தெடுத்து நிறுக்க வேண்டும். கொழுப்பின் ஒவ்வொரு கிராமுக்கும் 9.4 கிலோகலோரி என்று கணக்கிடலாம். விழித்திருக்கும் எலியின் கொழுப்பை ஓரிரு நிமிடத்தில் அளக்கும் அணுக்காந்த ஒத்திசைவுக் கருவி இருந்தால் ஒரே விலங்கைத் திரும்பத் திரும்ப அளக்கலாம், உயிர்களும் மிஞ்சும். ஆனால் அதன் விலை முதலாவது வழியின் விலைக்கு அருகில் போய்விடுகிறது. இம்முறை சில வாரங்களின் மொத்தச் செலவைத் தரும்; எந்த மணியில், எந்த எரிபொருளில் என்பதைத் தராது. அதன் பலவீனம் உணவுத் துகள். ஒரு நாளில் மூன்று, நான்கு கிராம் உண்ணும் விலங்கு அரைக் கிராமைக் கொறித்து மரத்தூளில் சிந்திவிட்டால், அந்த நாளின் கணக்கில் ஏழில் ஒரு பங்கு பொய். தூளைச் சலித்து, துகளைப் பொறுக்கி நிறுக்கும் பொறுமையான கை ஒன்று வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2022 மார்ச்சு இறுதியில் 13 மணி நேரம் இருண்டிருந்தோம். 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் மின் இழந்தது. மின் போனால் தரவு போவது ஒரு புறம். எட்டு லீற்றர் கொள்ளும் காற்றிறுக்கமான கூட்டில் பம்பி நின்றுவிட்டால், 22 பாகையில் இருக்கும் ஒரே சுண்டெலி நான்கு மணி நேரத்தில் காபனீரொட்சைட்டை ஏறத்தாழ நான்கு சதவீதத்துக்கு உயர்த்திவிடும். அது அந்த உயிருக்கு வதை. ஆகவே பம்பிகள் மட்டுமாவது தனி மின்கலத்தில் ஓட வேண்டும், மின் நின்றால் தானே திறந்துகொள்ளும் மூடி ஒன்று ஒவ்வொரு கூட்டிலும் இருக்க வேண்டும். நான்கு கூட்டின் பம்பிகளைக் கூரைச் சூரியப்பலகை ஒன்று தாங்கும். பதினாறு கூட்டையும் அலுமாரியையும் தாங்க மின்பிறப்பாக்கியும் அதற்கு எரிபொருளும் வேண்டும்.

கருவி எங்கே இருக்க வேண்டும் என்பதில் நான் என் சொந்த விருப்பத்துக்கு மாறாக எழுத வேண்டியிருக்கிறது. நான் பணிபுரிவது வவுனியாவில். அங்கே இருக்க வேண்டும் என்றே மனம் சொல்லும். ஆனால் பொதுக் கருவி என்றால் கருவியைப் பகிர்வது மட்டுமன்று. எலிகளும் அங்கேயே பிறந்து வளர வேண்டும். வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு எண்பது கிலோமீற்றர் அளவில் வாகனத்தில் ஏற்றிச் சென்ற சுண்டெலி, இறக்கிய நாளில் சரியாக உண்ணாது. அதன் சுவாச ஈவு பட்டினியின் ஈவாக இருக்கும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்திலிருந்து ஐசிஆர் வகைச் சுண்டெலிகளைப் பெற்று, ஒரே விலங்குக்கூடத்தில் இனம்பெருக்கி, அடுத்த அறையில் அளப்பதே சரி. உணவுப் பகுப்பாய்வும் மின்னணுத் திருத்தமும் ஒரே வளாகத்தில் கிடைப்பது அறிவியல் நகரில். எங்கள் மாணவர் அங்கே போய்த் தங்கி வேலை செய்வதற்கான விடுதி இடத்தை, புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும்.

அமெரிக்காவில் 2001இலிருந்து இயங்கிய சுண்டெலி அனுசேப மையங்கள், எவரும் கட்டணம் செலுத்திப் பயன்படுத்தும் சேவையாக நடந்தன. அங்கே கருவியை இயக்கியவர்கள் அதற்கென்றே அமர்த்தப்பட்டவர்கள். இங்கும் நிரந்தரத் தொழினுட்ப உத்தியோகத்தர் ஒருவரின் பதவி அங்கீகரிக்கப்படாமல் கருவிக்கான கேள்விமனுவை வெளியிடக் கூடாது. தற்காலிக உதவியாளர் பயிற்சி பெற்று முடியும் மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுகிறார். அவரைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

ஆகவே என் தெரிவு, நான்காவதை இந்த ஆண்டே தொடங்குவது, மூன்றாவதை அதன்மேல் கட்டுவது. ஒப்பீட்டு அறுப்பு முறைக்குப் பெருங்கருவி தேவையில்லை. நுண்தராசும் சொக்ஸ்லெற்றும், உணவையும் கழிவையும் எரித்து அவற்றின் சக்தியை அளக்கும் குண்டுக் கலோரிமானியும் போதும். அதில் ஒடியல் மா உண்ட எலிகளின் வாராந்தச் செலவில் வேறுபாடு தெரிந்தால், நான்கு கூட்டுத் தொகுதி அந்த வேறுபாடு எந்த மணியில், எந்த எரிபொருளில் வருகிறது என்று காட்டும். முழுத் தொகுதியை, பராமரிப்புக்கான நிதி ஐந்து ஆண்டுக்கு உறுதியாகும் வரை தள்ளி வைப்பேன். விவரக்கூற்றை எழுத உட்காரும் முன்னர் செய்ய வேண்டிய ஒரு வேலைக்குப் பணமே தேவையில்லை என்று சொல்லலாம். கூடுகள் வைக்க எண்ணும் அறையில் சிறு பதிவி ஒன்றை வைத்து, சித்திரை வெயிலில் ஒரு மாதமும் கார்த்திகை மழையில் ஒரு மாதமும், வெப்பநிலையையும் ஈரப்பதனையும் மின் நின்ற நிமிடங்களையும் எழுதி வைக்க வேண்டும். அந்த இரண்டு மாதத் தாள்களைத்தான் முதலில் உற்பத்தியாளருக்கு அனுப்ப வேண்டும். விலை கேட்பது அதற்குப் பிறகு.